பதினைந்தாம் மைலில் ஒதுங்கியவன்

என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், ஊர் காலியாகிவிடும்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் நான் அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர். ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் வரை உள்ள கிராமங்கள் என் பொறுப்பு. காக்கிச் சட்டை, பின்னால் கட்டிய தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய மண்குடுவை, குடுவைக்குள் மதராசிலிருந்து ரயிலில் வந்த அம்மைப்பால் என்னும் தடுப்பு மருந்துக் குழாய்கள். இவ்வளவையும் சுமந்துகொண்டு ஓர் ஊருக்குள் நுழைந்தால் அங்கே நாய்களும் கோழிகளும்தான் என்னை வரவேற்கும். தாய்மார்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் மறைந்திருப்பார்கள். அழுகிற பிள்ளையை அடக்க, "குத்துறவன் வாரான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஆகியிருந்தது.

வண்டியின் குரலும் அப்படி. திருச்சியில் வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு ரயில்வே என்ஜினியரிடம் வாங்கிய பழைய வண்டி. மூன்று அடி ஒழுங்காக அடிக்கும், நான்காவதை விழுங்கிவிடும். டுப், டுப், டுப், பிறகு ஒரு மௌனம். மறுபடி டுப், டுப், டுப். இரண்டு மைல் தூரத்தில் வரும்போதே, வருவது நான்தான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆனாலும் அந்த வண்டியில் தனியாகப் போவதில் எனக்கு இருந்த ஆசை சொல்லி முடியாது. விடிந்ததும் கிளம்பினால் இரு பக்கமும் புளியமரம், நடுவில் செம்மண் சாலை, முகத்தில் ஈரக்காற்று. நினைத்த இடத்தில் நிற்பேன். நினைத்தபோது பாடுவேன். முன்னால் வண்டி இல்லை என்பதால் யாருடைய தூசியையும் தின்ன வேண்டியதில்லை. அப்போது புதுக்கோட்டை டவுனில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரையும் நான் சட்டை செய்ததில்லை.

அந்த வீறாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விராலிமலை சாலையில் தீர்ந்தது. பின் சக்கரம் பஞ்சர். பம்பு கொண்டுவர மறந்திருந்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் மயில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன.

ஒருவர் நாகராசு. கீழ ராஜ வீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பெருத்த உடம்பு. அவருடைய வண்டி மூன்று பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்த்த ஒன்று. எந்தப் பாகம் எதனுடையது என்று அவருக்கே மறந்துவிட்டது. மற்றவன் திருப்பதி. கீரமங்கலத்தில் கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீசின் நோட்டீஸ்காரன். கூடாரத்துக்காரர் கொடுத்த வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பச்சையும் மஞ்சளுமாகப் பட நோட்டீஸ் வீசுவது அவன் வேலை.

"ஏங்க, நீங்கதான் அந்தக் குத்துற இன்ஸ்பெக்டரா?" என்றான் திருப்பதி, வண்டியை விட்டு இறங்காமலே. "ஒங்களால எனக்குப் பெரிய தொல்லைங்க. நீங்க போயிட்டு வந்த ஊருக்கு நான் போனா, கொல்லைக்குள்ள இருக்கிற பிள்ளைய வெளிய கொண்டார அரை மணி நேரம் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கு."

"பேச்ச விடுடா, பம்ப எடு," என்றார் நாகராசு.

அன்று அவர்களோடு விராலிமலை போனேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன்.

மூன்று வண்டி சேர்ந்து போனால் முன்னால் போகிறவனுக்குக் காற்று, பின்னால் வருகிறவனுக்குத் தூசி. அதற்கு நாகராசு ஒரு முறை வைத்திருந்தார். ஐந்து மைலுக்கு ஒருவர் முன்னால் போகலாம். ஐந்தாம் மைல் கல் வந்ததும் அவர் இடது கையைத் தூக்கிவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். இரண்டாமவர் முன்னே போவார். ஒதுங்கியவர் கடைசியில் சேர்ந்துகொள்வார். பத்தாம் கல்லில் அடுத்தவர். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், பேச வேண்டாம். கல்லைக் கண்டால் கை எழும்ப வேண்டும்.

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு முறை, கல்லைக் கவனிக்காதவன் போல எட்டு மைல் வரை முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். விராலிமலையில் இறங்கியபோது இரண்டு பேரும் தலை முதல் கால் வரை செங்கல் பொம்மை மாதிரி நின்றார்கள்.

"இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு வராது போல, அண்ணே," என்றான் திருப்பதி.

"வராட்டி என்ன? திரும்பும்போது இருபத்தஞ்சு மைலும் கடைசியில வரட்டும். தானா வந்துரும்," என்றார் நாகராசு.

வந்தது. இரண்டு வருஷத்தில் அது உடம்போடு ஒட்டிவிட்டது. வேலை நாளில் தனியாகப் போகும்போதுகூட ஐந்தாம் கல்லைக் கண்டால் என் இடது கை கொஞ்சம் துடிக்கும்.

முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம். ஆலங்குடியைத் தாண்டிப் பதினைந்தாம் மைல் கல் அருகே ஒரு பெண் சாலையின் நடுவில் நின்று கையை நீட்டினாள். வண்டியை நிறுத்தினேன். மூன்று ஃபர்லாங் தள்ளியிருந்த செங்கானம்பட்டியைச் சேர்ந்தவள். பெயர் காத்தாயி.

"அம்மை குத்துற ஐயாதானுங்களே?"

"ஆமாம்மா."

"போன வருசம் தையில நீங்க எங்க ஊருக்கு வந்தீங்க. சத்தம் கேட்டதும் எம்புள்ளைக ரெண்டையும் தூக்கிக்கிட்டு சோளத்துக்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டேன். கை வீங்கும், காச்ச வரும்னு ஊருல எல்லாரும் சொன்னாங்க. பொழுது சாயறவரைக்கும் ஒக்காந்திருந்தேன். சித்திரையில பெரியவளுக்கு அம்மை போட்டுச்சு. பொன்னுத்தாயி. எட்டு வயசு." அவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கவில்லை. என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, சத்தம் போடாம வந்திருக்கக் கூடாதா நீங்க?"

நான் என்ஜினை அணைத்தேன்.

"சின்னவளுக்கு ஆறு வயசு. மூக்காயி. அவளுக்காச்சும் குத்திருங்க. பக்கத்தூருல ரெண்டு வாசல்ல வேப்பில கட்டியாச்சு. நான் பிடிச்சு வச்சுக்குவேன்னு பாத்தா, அவ மாட்ட மாட்டேங்குறா. ஒங்க சத்தம் கேட்டுச்சுன்னா பனங்காட்டுப் பக்கமாப் போயிர்றா. அந்த வண்டிதான் அக்காவக் கொண்டு போச்சுங்கிறா. ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம அங்கிட்டே கெடந்துருக்கா."

அன்றைக்கே முயன்றேன். ஊர் காலி. காத்தாயி மட்டும் தெருவில் நின்று கையை விரித்தாள்.

அடுத்த வாரம் வண்டியை ஒரு மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு நடந்து போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் பனைமேட்டின் மேல் ஏறி நின்று, "ஏலே! குத்துறவன் இன்னிக்கு நடந்து வாரான்!" என்று கூவினான். வண்டியில் வருவதைவிட அது மோசமாகப் போய்விட்டது. திருட்டுத்தனமாக வருகிறேன் என்று இன்னும் இரண்டு ஊருக்குச் செய்தி பரவிற்று.

நாகராசு தன் பங்குக்கு என் வண்டியின் சைலன்சருக்குள் தேங்காய் நாரை அடைத்துப் பார்த்தார். ஆலங்குடியைத் தாண்டும்போது அது தீப்பிடித்து, பீரங்கி மாதிரி வெடித்தது. சுற்றுவட்டாரத்தில் மூன்று ஊர் ஒரே நேரத்தில் காலியானது.

"அண்ணே, ஒங்க வைத்தியம் போதும்ணே," என்று கும்பிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாகராசு கடையில் திருப்பதி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"திருப்பதி, ஒன் வண்டிச் சத்தம் கேட்டாப் பிள்ளைங்க ஓடி வருதில்ல? நீ முன்னால போ. நான் நடுவுல வர்றேன். நாகராசண்ணே பின்னால வரட்டும். மூணு சத்தமும் கலந்துரும். எது என் வண்டின்னு யாருக்கும் தெரியாது. நீ நோட்டீசைப் போடு, பிள்ளைங்க கூடும். நாம பிடிச்சுருவோம்."

திருப்பதி டம்ளரைக் கீழே வைத்தான். "அது நடக்காது."

"ஏன்?"

"ஏன்னா? என் சத்தத்த நம்பி வர்ற பிள்ளைய நீ பிடிச்சுக் குத்துவே. நாளைக்கு என் சத்தத்தக் கேட்டும் ஓடும். நீ என்கிட்ட இரவல் கேக்குறது வண்டிய இல்ல, சிவசாமி. இன்னிக்குக் குடுத்தா நாளைக்கு எனக்குத் திரும்ப வராத ஒண்ண."

"ஒனக்கு ஒன் நோட்டீசு பெருசு."

"ஆமா, பெருசுதான். ஒனக்குத் தெரியுமா, ஒரு ஊருக்குள்ள போறப்ப நாப்பது பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே வண்டி பின்னால ஓடி வர்றது எப்படியிருக்கும்னு? தனியாவே சுத்துறவனுக்கு எங்க தெரியப் போகுது?"

சுருக்கென்றது. கோபத்தில் காத்தாயி சொன்னதை அப்படியே கொட்டினேன். பொன்னுத்தாயி செத்தது, மூக்காயி பனங்காட்டில் கிடந்தது, எல்லாம்.

திருப்பதியின் முகம் மாறிற்று.

"செங்கானம்பட்டி மூக்காயியா? மூக்குக்கு மேல ஒரு மச்சம் இருக்குமே?"

"நான் பாத்ததில்ல. காத்தாயியோட சின்ன மக."

"அந்தப் பிள்ள எப்பவும் ரெண்டு நோட்டீசு கேக்கும்யா. எனக்கு ஒண்ணு, எங்க அக்காவுக்கு ஒண்ணுங்கும். போன வாரங்கூடக் கேட்டுச்சு. குடுத்துட்டு வந்தேன்." அவன் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அக்காக்காரி வீட்டுல வேலையா இருக்கான்னு நெனச்சேன்."

நாகராசு துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி," என்றான் திருப்பதி. "புதன்கிழமை போவோம். ஆனா அந்தப் பிள்ளய நான் பிடிக்க மாட்டேன். நீயே பிடிச்சுக்க."

புதன்கிழமை காலை கிளம்பினோம். நான் காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டி சட்டையில் இருந்தேன். ஆலங்குடி வரை வழக்கப்படி முறை மாற்றிக்கொண்டே போனோம். ஆலங்குடியில் நின்று வரிசையைச் சரி செய்தோம். முன்னால் திருப்பதி, நடுவில் நான், பின்னால் நாகராசு.

"யாரும் எடம் மாறக் கூடாது. தூசி திங்கிறதாயிருந்தாலும் தின்னுக்கிட்டே வாங்க," என்று நாகராசு இரண்டு தடவை சொன்னார்.

தின்றுகொண்டே வந்தேன். திருப்பதியின் வண்டி சீராக, மணி அடித்த மாதிரி ஓடிற்று. என் வண்டி விழுங்கிய அடிகளை நாகராசுவின் வண்டி இட்டு நிரப்பியது. பதின்மூன்றாம் மைல் போயிற்று. பதினான்காம் மைல் போயிற்று. திருப்பதி ஹாரனை நீளமாக அடித்தான். தூரத்தில் செங்கானம்பட்டிப் புளியமரத்தடியில் பிள்ளைகள் சேருவது சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தது.

அப்போது பதினைந்தாம் மைல் கல் வந்தது.

திருப்பதியின் இடது கை மேலே எழுந்தது. வண்டி ஓரமாக ஒதுங்கிற்று.

தவறு அவன் மேல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நானும் ஒரு நொடி யோசிக்கவில்லை. முன்னால் இடம் கிடைத்தது, தூசி இல்லாத காற்று முகத்தில் பட்டது, இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கம் கையை முறுக்கிற்று. அவனைத் தாண்டிப் பாய்ந்தேன். நாகராசுவும் ஒழுங்காக என் பின்னாலேயே வந்தார்! கண்மாய்க் கரையை வளைத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் புளியமரம் வந்துவிட்டது. ஊருக்குள் முதலில் நுழைந்தது நான்.

டுப், டுப், டுப். மௌனம்.

ஒரு கணம் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். பிறகு யாரோ வீறிட்டார்கள்: "குத்துறவன்!"

கூட்டம் சிதறியது. கொல்லைப் பக்கம் கொஞ்சம், கோயில் பக்கம் கொஞ்சம். ஆனால் ஒரே ஒரு சிறுமி மட்டும் எந்தப் பக்கமும் போகவில்லை. நேராக என்னை நோக்கி ஓடி வந்தாள். என் வண்டியைத் தாண்டி, நாகராசுவின் வண்டியையும் தாண்டி, சாலையோடு ஓடினாள். பின்னால் மணி அடித்த மாதிரி வந்துகொண்டிருந்த சத்தத்தை நோக்கி.

திருப்பதி வண்டியை நிறுத்துவதற்குள் அவன் காலை இறுகக் கட்டிக்கொண்டாள்.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காத்தாயியும் மறுபக்கமிருந்து ஓடி வந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் அந்தப் பிள்ளை இருந்தது. "பிடி, திருப்பதி! விட்டுராதே!" என்றேன்.

"கிட்ட வராதே," என்றான் திருப்பதி.

நான் நின்றேன். அவன் வண்டியிலிருந்து மெல்ல இறங்கி, சாலையில் குந்தினான்.

"மூக்காயி, ரெண்டு நோட்டீசு வேணுமா?"

அவள் தலையை அசைத்தாள். முகத்தை அவன் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. "அந்த வண்டிதான் எங்க அக்காவக் கொண்டு போச்சு."

"யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும். அது வந்துச்சு. அப்புறம் அக்கா போயிருச்சு."

காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வண்டி யாரையும் கொண்டு போகாது ஆத்தா. ஏறினா கண்மாய் வரைக்கும் போகும். திரும்பி இங்கயே கொண்டாந்து விடும்."

"திரும்பி வருமா?"

"வரும். நீ ஏறினாத்தானே தெரியும்? நான் ஓட்டுறேன். நீ முன்னால ஒக்காந்துக்க. ஆனா ஒண்ணு, பொய் சொல்ல மாட்டேன். வந்ததுக்கப்புறம் அந்த மாமா ஒன் கையில கீறுவாரு. வலிக்கும். எறும்புக் கடிய விடக் கொஞ்சம் கூடவே வலிக்கும். ரெண்டு நாளு காச்ச வந்தாலும் வரும். சம்மதம்னா ஏறு. இல்லன்னா நோட்டீச வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. யாரும் பிடிக்க மாட்டாக."

இவ்வளவு தூரம் வந்து, கைக்கு எட்டியதை இவன் விட்டுவிடுகிறானே! மூக்காயி முகத்தைத் தூக்கி என் வண்டியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவன் விரலைப் பிடித்தாள்.

என் வண்டியை அதுவரை வேறு யாரும் தொட்டதில்லை. நாகராசுவுக்கே ஓட்டக் கொடுத்ததில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு நகர்ந்து நின்றேன். திருப்பதி மூக்காயியைப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பினான்.

டுப், டுப், டுப். மௌனம்.

என் வண்டியின் சத்தத்தை வெளியே நின்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்மாய்க் கரை மேல் ஏறி, பனைகளுக்குப் பின்னால் மறைந்து, அது போய்க்கொண்டே இருந்தது. கொல்லை ஓரத்தில் தாய்மார்கள் தலை தூக்கினார்கள். நான் மேலே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போன நாட்களில் இந்த ஊர்க்காரர்கள் கேட்டது இதைத்தானா! அந்த நான்காவது அடி விழும் விழும் என்று காத்திருந்தேன். அது விழவில்லை. பக்கத்தில் காத்தாயியின் மூச்சு கேட்டது.

திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

"ஐயோ, என்னங்க?" என்றாள் காத்தாயி.

"ஒண்ணுமில்லம்மா." நான் சொன்னேனே தவிர, என் கால் ஓடத் தயாராக இருந்தது. என்ஜின் படுத்துவிட்டதா? பிள்ளை விழுந்துவிட்டதா? நாகராசு கரையை நோக்கி நடக்கத் தொடங்கினார். எண்ணிப் பார்த்தேன், இருபது, முப்பது, நாற்பது...

டுப், டுப், டுப்.

பனைகளுக்கு இந்தப் பக்கம் வண்டி தெரிந்தது. மூக்காயி ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தாள். புளியமரத்தடியில் வண்டி நின்றதும் திருப்பதி என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "நிறுத்தச் சொன்னா நிக்குமான்னு கேட்டுச்சு. நிறுத்திக் காட்டினேன். மறுபடி ஓட்டச் சொன்னுச்சு."

அவளை டாங்கின் மேலிருந்து இறக்கவில்லை. அங்கேயே வைத்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, ஆற வைத்து, குழாயை உடைத்து, இடது கையில் நாலு இடத்தில் கீறினேன். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "எறும்ப விட ரொம்பக் கூட," என்று திருப்பதியிடம் குற்றம் சாட்டினாள்.

"கொஞ்சம்னு சொல்லிட்டேன். தப்புத்தான்," என்று அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கொல்லை ஓரத்திலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான்: "எனக்கும் ஹாரன் அடிக்கத் தருவீங்களா?"

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு கைக்கு ஒரு சுற்று. மூன்று வண்டியும் கண்மாயைச் சுற்றின. வெயில் ஏற ஏற நான் குடுவையின் துணியை நனைத்துக்கொண்டே இருந்தேன். நாகராசு ஒரே நேரத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார். "அண்ணே, நீங்களே மூணு பேரு கனம், வண்டி பாவம்ணே," என்று திருப்பதி கத்தினான். நான்கு மணிக்குள் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கடைசிக் குழாயை உடைத்தபோது மூன்று வண்டியிலும் பெட்ரோல் இல்லை. ஆலங்குடி வரை மூன்று மைல் தள்ளிக்கொண்டு போனோம். நாகராசு வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார், என்னை, திருப்பதியை, அந்த மைல் கல்லை. அவ்வளவு சந்தோஷமான வசவை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

ஆனியில் செங்கானம்பட்டிக்குள் அம்மை வந்தது. ஐந்து வாசலில் வேப்பிலை கட்டினார்கள். நான் கீறிய பிள்ளைகளில் ஒன்றுக்கும் காணவில்லை. மூக்காயி தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை திருப்பதியின் பையில் இருந்த நோட்டீஸ்கள் எட்டு ஊருக்குப் போய்ச் சேரவில்லை. கூடாரத்துக்காரர் வண்டியைப் பறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். பிறகு சண்டை மூண்டது. மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்களைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள், அவன் போய்விட்டான். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. நாகராசு தன் வண்டியைக் கோணி போட்டு மூடினார்.

நாற்பத்திரண்டில் எகிப்திலிருந்து திருப்பதி ஒரு கடிதம் போட்டிருந்தான். "இங்கே நாற்பது மோட்டார் சைக்கிள் வரிசையாகப் போகிறோம். செம்மண் இல்லை, எல்லாம் வெள்ளை மணல். முதல் நாள் ஐந்தாம் மைலில் கையைத் தூக்கி ஒதுங்கிவிட்டேன். சார்ஜண்டு வாய்க்கு வந்தபடி ஏசினான். நாற்பது பேர் இருந்தும் நம் மூன்று பேர் மாதிரி இல்லை." அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

உத்தியோகத்துக்குக் கிடைத்த கூப்பனில் நான் மறுபடி தனியாகச் சுற்றினேன். அதே புளியமரங்கள், அதே ஈரக்காற்று. முன்பு நான் ஒருவனாகப் போனேன். இப்போது இரண்டு பேர் குறைவாகப் போனேன். செங்கானம்பட்டியில் மட்டும், என் சத்தம் கேட்டதும் மூக்காயி தன் தழும்பைக் காட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளை இழுத்து வருவாள். "முன்னால வர்ற நோட்டீசு மாமா எங்க?" என்று கேட்பதை மட்டும் அவள் விடவில்லை. அதற்கு நான் வருஷா வருஷம் ஒரு பதில் தேடினேன்.

நாற்பத்தேழாம் வருஷம் பங்குனி. ஆலங்குடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் கீரமங்கலம் பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டால், பின்புறம் கட்டிய கரி அடுப்பின் வாயுவில் ஓடும் பஸ். தூசியும் கரும்புகையும் சேர்ந்து என் முகத்தில் அடித்தன. ஹாரன் அடித்தேன். வழி கிடைக்கவில்லை.

பதினைந்தாம் மைல் கல் வந்தது. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து மேலே எழுந்தது. பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது.

உள்ளே கூச்சல். "என்னப்பா, கரி தீந்துபோச்சா?" "ஏன் டிரைவரண்ணே, இங்க யாரும் எறங்கலையே!"

"அஞ்சு மைல் நான் முன்னால போயாச்சுங்க. இனி அவரு போகணும்," என்றது ஒரு குரல்.

என் கால் தரையில் ஊன்றியது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் திருப்பதி. காதோரம் நரைத்திருந்தது. வேலையில் சேர்ந்து மூன்றாம் நாளாம்.

"கடுதாசி போடத் தெரியாதாடா ஒனக்கு?"

"இந்தச் சாலையில வந்தா ஒன் சத்தம் தானாக் கேக்கும்னு இருந்தேன். மூணு நாளாக் காதத் தீட்டிக்கிட்டு ஓட்டுறேன். இன்னமும் நாலாவத முழுங்குதே, நாகராசண்ணே அத ஒண்ணும் பண்ணலையா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூக்காயி?"

"இப்பக் கண்மாய்க் கரை திரும்பினதும் புளியமரத்தடியில நிப்பா. நோட்டீசு மாமா எங்கன்னு கேப்பா."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "கதை பேசுறதெல்லாம் கீரமங்கலத்துல வச்சுக்கங்கப்பா, எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு!" என்று கத்தினார்.

"போங்க இன்ஸ்பெக்டரய்யா. தூசிய நாங்க திங்கிறோம்," என்றான் திருப்பதி.

முன்னால் போனேன். பின்னால் பஸ் முனகிக்கொண்டே வந்தது. செங்கானம்பட்டிப் புளியமரத்தடியில் நிற்காமல், அங்கே நின்ற மூக்காயிக்குப் பின்னால் வந்த பஸ்ஸைக் கையால் காட்டிவிட்டுப் போனேன். பஸ்ஸின் ஹாரன் நீளமாக ஒலித்தது. பிறகு வெகுநேரம் அது வரவில்லை. பயணிகள் என்ன பாடு படுத்தினார்களோ! மெதுவாக ஓட்டிக்கொண்டு, சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடி போனேன். கேட்டது.

கீரமங்கலத்துக்கு முன்னால் இருபதாம் மைல் கல். இடது கையைத் தூக்கிவிட்டு ஒதுங்கினேன். சந்தைக்குப் போகிற முப்பது பேரும் ஜன்னல் வழியாக என்னை ஏசிக்கொண்டே கடந்து போனார்கள். தூசி அடங்கும் வரை காத்திருக்கவில்லை. அதற்குள்ளேயே வண்டியை விட்டேன்.